'அது வெளிநாட்டுக்காரங்க நோய்!' - பறங்கிப்புண் முதல் குரங்கம்மை வரை நம்மைச் சிக்கவைக்கும் ஒரு நினைப்பு

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் திருவண்ணாமலையில் இன்னொரு சீசன் சூடு பிடிக்கும். வெளிநாட்டவர் சீசன். குளிர் மாதங்கள் முழுக்க ரமணாஸ்ரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் செங்கம் ரோட்டிலும் காட்டன் பைஜாமா, தோளில் ஜோல்னா பை, வாடகை ஸ்கூட்டர் என்று பல தேசத்து முகங்களைப் பார்க்கலாம். 1934-ல் பால் பிரன்டன் எழுதிய புத்தகம் ரமண மகரிஷியை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியதிலிருந்து தொடரும் வரவு இது. சிலர் மூன்று நாள் தங்குவார்கள். சிலர் மூன்று மாதம். சிலர் வாடகைக்கு வீடு எடுத்து, மளிகைக்கடையில் கணக்கு வைக்கும் அளவுக்கு ஊர்க்காரர்களாகவே ஆகிவிடுவார்கள்.

இவர்கள் லாட்ஜிலோ ஹோம்ஸ்டேவிலோ அறை எடுத்தால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார் என்று எல்லாமே அந்தப் படிவத்தில் ஏறிவிடும். அரசாங்கத்துக்கு ஒரு பயணியைப் பற்றித் தெரியவேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. படிவத்தில் ஏறாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பயணமும் பால்வினைத் தொற்றும்.

'கோயில் ஊரை வைத்து இதை எழுதணுமா?' என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் பால்வினை நோய் அதிகம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்துபோகும் எந்த ஊரிலும் ஒரு பேச்சு இருக்கும். 'இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க கொண்டு வர்றது' என்பதுதான் அது. டீக்கடையில் சாதாரணமாகச் சொல்லப்படும் அந்த ஒரு வரிதான் உண்மையான ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

பறங்கிக்காய், பறங்கிமலை, பறங்கிப்புண்

பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் 'பறங்கிப்புண்', 'பறங்கி வியாதி' என்ற சொற்கள் கண்ணில் படும். சிபிலிஸ் என்று இன்று நாம் சொல்லும் நோய்தான். பறங்கி என்றால் போர்ச்சுக்கீசியர், பொதுவாக ஐரோப்பியர். சென்னையின் பறங்கிமலையும் கடலூர்ப் பக்கத்துப் பறங்கிப்பேட்டையும் அவர்களால் அந்தப் பெயரைப் பெற்றன. சாம்பாரில் போடும் பறங்கிக்காயும் அவர்களோடு வந்ததுதான். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் எழுதப்பட்ட பாவபிரகாசம் என்ற ஆயுர்வேத நூலிலேயே 'பிரங்க ரோகம்' என்ற பெயரில் இந்த நோய் வந்துவிட்டது. இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பறங்கிப்பட்டை இதற்காகப் பயன்பட்ட மருந்துதான். அந்த வேரும் கப்பலில், சீனாவிலிருந்து வந்த சரக்கு!

நாம்தான் இப்படிப் பெயர் வைத்தோம் என்று வருத்தப்பட வேண்டாம். இத்தாலியர்கள் இதை 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்று திருப்பிவிட்டார்கள். ரஷ்யர்களுக்கு அது 'போலந்து நோய்'. போலந்துக்காரர்களுக்கு 'ஜெர்மன் நோய்'. துருக்கியர்களுக்கு 'கிறிஸ்தவர் நோய்'. தன் ஊர் நோய் என்று சொல்லிக்கொள்ள யாருமே தயாராக இல்லை.

கப்பல்கள் நோயைச் சுமந்து வந்தது உண்மைதான். ஆனால் கப்பல் போன பிறகு அது துறைமுகத்திலிருந்து உள்ளூர் வரை எப்படிப் போனது? அதைப் பெயர் சொல்லவில்லை. பெயர் வைத்த கையோடு நாம் தேடுவதையும் நிறுத்திக்கொண்டோம்.

வேலூர் ஆய்வகத்தில் மஞ்சளான 6 மாதிரிகள்

இதே கதை நம் காலத்தில், நம் பக்கத்திலேயே இன்னொரு முறை நடந்தது. திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூரில்.

1980-களின் முதல் பாதியில் எய்ட்ஸ் என்பது இந்தியப் பத்திரிகைகளுக்கு அமெரிக்கச் செய்தி. நம் ஊரில் ஒழுக்கம் இருக்கிறது, குடும்ப அமைப்பு இருக்கிறது, இங்கே வராது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நேரத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். பட்டமேற்படிப்பு ஆய்வுக்காகப் பாலியல் தொழிலில் உள்ள பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்து, எச்.ஐ.வி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிர்மலாவுக்கு அந்தப் பெண்களை எங்கே தேடுவது என்றே தெரியாது. அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பழகினார். கைது செய்யப்பட்டவர்களை அடைத்துவைக்கும் விடுதிக்குப் போனார். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். பிரித்தெடுத்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். காய்கறி வைக்கும் அதே ஃபிரிட்ஜ்தான்! சென்னையில் அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயில் ஏறிக் காட்பாடி வந்து இறங்கி, வேலூர் சி.எம்.சி-க்கு மாதிரிகளைக் கொண்டுபோனார்.

ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் செய்யப்பட்ட மறுபரிசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்பதற்கான முதல் ஆதாரம் அது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. குறிப்பாக ஆப்பிரிக்க மாணவர்கள் குறிவைக்கப்பட்டார்கள், தொற்று இருந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1988-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஏ.எஸ்.பெயின்டல், இந்தியர்கள் வெளிநாட்டவரோடு உடலுறவு கொள்வதைத் தடை செய்ய சட்டம் வேண்டும் என்று யோசனை சொன்னார். ஆம், நிஜமாகவே! நாட்டின் உச்சபட்ச மருத்துவ ஆராய்ச்சி அமைப்பிலிருந்து வந்த யோசனை அது. நல்லவேளையாகச் சட்டமாகவில்லை.

ஆனால் வைரஸ் அதற்குள் லாரி ஏறியிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவில் எச்.ஐ.வி அதிகமுள்ள இடங்களைப் பற்றிய பேச்சில் நாமக்கல் பெயர் முன்னால் நின்றது. வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஊரா நாமக்கல்? லாரிப் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் உள்ள ஊர். வாரக்கணக்கில் வீட்டைவிட்டுச் சாலையிலேயே வாழும் ஆண்கள், வீட்டில் காத்திருக்கும் மனைவிகள், ஆணுறை பற்றி வாய் திறக்கக் கூச்சப்படும் சமூகம். வைரஸுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்தில் சுவர்களிலும் டி.வி-யிலும் திரும்பிய பக்கமெல்லாம் இருந்த புள்ளிராஜா விளம்பரம் 30 வயதைக் கடந்தவர்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரே கேட்டது. அந்த விளம்பரத்தின் புத்திசாலித்தனம், புள்ளிராஜா நம்ம ஊர் ஆள் என்பதில் இருக்கிறது.

விமானப் பணியாளரும் ஓர் எழுத்துப் பிழையும்

வெளியூர்க்காரர் மேல் பழி போடுவது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு கேட்டான் டூகாஸ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர். எய்ட்ஸால் 1984-ல் இறந்தார். 1987-ல் வெளியான ஒரு புத்தகம் அவரை 'பேஷன்ட் ஜீரோ' என்று உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஊர் ஊராகப் பறந்து வட அமெரிக்கா முழுக்க நோயைப் பரப்பியவர் என்ற பட்டம் அவர் மேல் ஒட்டிக்கொண்டது.

உண்மை என்ன தெரியுமா? ஆய்வாளர்கள் தங்கள் பட்டியலில் அவரை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தால் குறித்திருந்தார்கள். கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதற்கான அடையாளம் அது. அதைப் பார்த்தவர்கள் பூஜ்யம் என்று படித்துவிட்டார்கள்! 2016-ல் வெளியான மரபணு ஆய்வு, 1970-களின் தொடக்கத்திலேயே நியூயார்க்கில் அந்த வைரஸ் பரவிக்கொண்டிருந்தது என்றும், டூகாஸிடம் இருந்த வைரஸுக்கு எந்த 'முதல்' அந்தஸ்தும் இல்லை என்றும் காட்டியது. அவர் இறந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்தியாவில் குரங்கம்மை வந்தபோதும் இதே படம்தான் ஓடியது. 2022 ஜூலை 14 அன்று ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கேரளா திரும்பிய ஒருவருக்கு முதல் தொற்று உறுதியானது. உடனே எல்லோர் கண்ணும் விமான நிலையத்தின் மேல். பத்து நாள்கூடத் தாண்டவில்லை. டெல்லியில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவர் வெளிநாடு போனவரே இல்லை. விசாரித்தால், மணாலியில் நடந்த ஒரு பார்ட்டிக்குப் போய் வந்திருந்தார். அந்த ஆண்டு உலகம் முழுக்க அந்தத் தொற்று பெரும்பாலும் உடலுறவின்போது ஏற்படும் நெருக்கம் வழியாகவே பரவியது. நெற்றியில் காட்டும் வெப்பமானியால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயமா அது?

சரி, யார் அந்தப் 'பயணி'?

வெளிநாட்டுப் பயணி என்றதும் நம் மனதில் வருவது வெள்ளை முகம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து, பக்கத்து விழுப்புரத்திலிருந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் நம் வீட்டு ஆண்களும் சர்வதேசப் பயணிகள்தான். நண்பர்களோடு நான்கு நாள் தாய்லாந்து டூர் போய்வரும் நம் கல்லூரித் தோழர்களும்தான்.

பயணத்தில் மனிதர்கள் கொஞ்சம் மாறிப்போகிறார்கள் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, வெளிநாடு சென்ற பயணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே புதிய நபரோடு உறவு கொண்டிருந்ததாகவும், அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆணுறை பயன்படுத்தவில்லை என்றும் சொன்னது. தெரிந்த முகங்கள் இல்லாத ஊர், கையில் காசு, கூடவே மது, தனிமை. 'இங்கே என்னை யாருக்குத் தெரியும்?' என்ற தைரியம் எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒன்றுபோலவே வருகிறது. ஆன்மிகப் பயணம் வந்தவர்களும் மனிதர்கள்தான். அதைச் சொல்வதால் ஆன்மிகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

வளைகுடாவுக்குப் போகிறவரின் கதை வேறு மாதிரி. கிளம்பும் முன்பே அவருக்கு மெடிக்கல் டெஸ்ட். அதில் எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே இறங்கிய பிறகு மறுபடியும் ஒரு டெஸ்ட். எச்.ஐ.வி இருப்பது தெரிந்தால் வேலை போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வாங்கிய கடன் வட்டியோடு நிற்கும்போது, அங்கே சந்தேகம் வந்தாலும் தானாகப் போய் டெஸ்ட் எடுப்பாரா ஒருவர்? தெரிந்த ஆளிடம் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். பயத்தை உண்டாக்கும் பரிசோதனை, பரிசோதனையைவிட்டே ஆட்களைத் துரத்துகிறது. இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வருகிறார். சாக்லேட், சென்ட் பாட்டில், குழந்தைகளுக்கு பொம்மை. வீட்டில் அந்தக் கேள்வியை யார் கேட்பது? மனைவி கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்றாகிவிடும். அவரே சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயம்.

நாடுகளும் இப்படித்தான் நடந்துகொண்டன. எச்.ஐ.வி உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது என்று 1987-ல் தடை போட்ட அமெரிக்கா, அதை நீக்கியது 2010 ஜனவரியில்தான். அந்தத் தடை இருந்த காலம் முழுக்க, உலகில் எச்.ஐ.வி உள்ளவர்கள் மிக அதிகமாக இருந்த பணக்கார நாடுகளில் ஒன்றாக அமெரிக்காவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. சுற்றுலா விசாவில் வருகிறவர்களிடம் இந்தியா அந்தப் பரிசோதனையைக் கேட்பதில்லை. என் கருத்தில் அதுதான் சரி. ஏன் என்பதற்குக் காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

பார்த்தால் தெரியாது, டெஸ்ட்டிலும் உடனே தெரியாது

எச்.ஐ.வி தொற்றிய அடுத்த நாள் பரிசோதனை செய்தால் 'இல்லை' என்றுதான் வரும். ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நவீன பரிசோதனையில் தெரியவே 18 முதல் 45 நாள்கள் ஆகும். விரல்நுனியில் குத்திச் செய்யும் துரிதப் பரிசோதனைக்கு 3 மாதம் வரைகூட ஆகலாம். ஆக, விமான நிலையத்தில் எத்தனை கவுன்ட்டர் போட்டாலும் சமீபத்தில் தொற்றியவர் சான்றிதழோடு வெளியே வருவார். அந்தச் சான்றிதழை நம்பி மற்றவர் கவனத்தைக் கைவிடுவார்.

மற்ற தொற்றுகள் இன்னும் மௌனமானவை. கிளமிடியா என்ற தொற்று வந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, பின்னாளில் குழந்தையின்மைக்கான காரணமாக வந்து நிற்கும். சிபிலிஸில் முதலில் வரும் புண் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று நினைக்கும்போதுதான் கிருமி உடலுக்குள் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தைக்கும் போகும். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி-யோடு சேர்த்து சிபிலிஸ் பரிசோதனையும் செய்வது இதனால்தான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசி போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும் 2020-ல் 37.4 கோடிப் பேருக்குப் புதிதாக வந்தன. ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேரும் வெளிநாட்டுக்காரர்களிடம்தான் வாங்கினார்களா என்ன?

'குணப்படுத்தக்கூடிய' என்ற வார்த்தைக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. காரணம், மெடிக்கல் ஷாப் வைத்தியம். எரிச்சல், சீழ் என்று சொல்லக் கூசி, கடையில் நாலு ஆன்டிபயாடிக் வாங்கி, இரண்டைப் போட்டுவிட்டு மீதியைப் பர்ஸில் வைத்துக்கொள்வது. வெட்டை நோய் என்று நம் ஊரில் சொல்லும் கொனோரியாவின் கிருமி, இப்படி அரைகுறையாகச் சாப்பிட்ட ஒவ்வொரு மருந்துக்கும் பழகிப்போகிறது. 2018-ல் பிரிட்டனில் ஒருவருக்கு வந்த கொனோரியா, வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. தென்கிழக்கு ஆசியப் பயணத்தில் அவருக்குத் தொற்றியது அது. கடைசியில் வேறொரு வீரியமான ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாக ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள். அவருக்குக் காய்ச்சல், சளி என்று ஊர் அறிய எதுவும் இல்லை. ஒரு சாதாரணப் பயணி, அவ்வளவுதான். இந்தக் கதையைப் படித்துவிட்டு பிரிட்டன்காரர்கள் 'ஆசிய நோய்' என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

72 மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் அது 72 ஆக இருக்கட்டும்.

எச்.ஐ.வி தொற்றியிருக்கலாம் என்ற சூழல் நடந்துவிட்டால், அதைத் தடுக்கும் 'பெப்' மாத்திரைகள் இருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். 28 நாள்கள் விடாமல் சாப்பிட வேண்டும். ஆணுறை கிழிந்துவிட்டது, போதையில் கவனிக்கவில்லை என்றால், 'பார்த்துக்கலாம்' என்று வாரக்கணக்கில் ஆன்லைனில் அறிகுறி தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஏ.ஆர்.டி மையத்துக்கோ விவரம் தெரிந்த மருத்துவரிடமோ போய்க் கேளுங்கள்.

இந்த மாத்திரை யாருக்கு அதிகம் தேவைப்படும் என்று யோசித்தால் ஒரு கசப்பான விஷயத்துக்கு வந்து சேர்கிறோம். 2018 ஜூலையில் திருவண்ணாமலையில் தங்கியிருந்த ஒரு ரஷ்ய இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவாகி, கைதுகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 'வெளிநாட்டுக்காரங்க கொண்டு வர்றாங்க' என்று பேசும் ஊர்கள், வந்தவர்களுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பதையும் பேச வேண்டும். ஒரு பயணியின் பாலியல் ஆரோக்கியத்தில் பாதுகாப்பும் சம்மதமும் அடக்கம்.

இந்தியரோ வெளிநாட்டவரோ, இப்படிப் பாதிக்கப்பட்டவர் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். புதிய பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 397-வது பிரிவு அதைச் சொல்கிறது. 'முதலில் போலீஸுக்குப் போய் எஃப்.ஐ.ஆர் போட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பக் கூடாது. போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை. எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை, மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்து, அவசரக் கருத்தடை மாத்திரை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கலாம். விடுதி நடத்துபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், வழிகாட்டிகள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டவர் முதலில் பார்க்கும் முகம் இவர்களுடையதுதான்.

ஆணுறையும் தேங்காய் எண்ணெயும்

கல்லூரியில் செஞ்சுருள் சங்கக் கூட்டத்துக்குப் போனதுண்டா? என் செட்டில் பலரும் பேரணியில் பதாகை பிடித்து, பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்ததோடு சரி. ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது என்பது யாரும் சொல்லித்தராத பாடம். அதனால் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடலாம்.

அதை பர்ஸில், பேன்ட் பின்பாக்கெட்டில், பைக் பெட்டியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் தளர்ந்துவிடும். உறையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், வேறு சமையல் எண்ணெய், வாஸ்லின் எதையும் தடவ வேண்டாம். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழியும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மட்டும் போதும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் பாதுகாப்பு இல்லை, உராய்ந்து கிழியவே வாய்ப்பு. கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும்.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் சூட்கேஸில் ஊறுகாய் வைக்கும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உடலுறவு வழியாகவும் பரவக்கூடிய தொற்று அது. தடுப்பூசி இருக்கும்போது கல்லீரலை ஏன் பணயம் வைக்க வேண்டும்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி வைரஸுக்கும் தடுப்பூசி இருக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் படிப்படியாகப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. வீட்டில் அந்த வயதில் பெண் இருந்தால் விசாரியுங்கள்.

நம்பிக்கை மையத்துக்குள் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி பரிசோதனை, ஆலோசனை மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். பால்வினை நோய்களுக்கான பிரிவு 'சுகவாழ்வு மையம்'. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட மாவட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவமனைகளில் இவை இயங்குகின்றன. பரிசோதனைக்குக் காசு கிடையாது.

பலரும் போகத் தயங்குவது, உள்ளே என்ன கேட்பார்களோ என்ற பயத்தால். முதலில் ஓர் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். எப்போது, என்ன நடந்தது என்று கேட்பார். திட்ட மாட்டார். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சொல்கிறது. எச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காக வேலையைவிட்டு எடுப்பதும், வீட்டைக் காலி செய்யச் சொல்வதும்கூட அந்தச் சட்டப்படி தடை செய்யப்பட்ட பாகுபாடுதான். கொஞ்சமாக ரத்தம் எடுப்பார்கள். முடிவைக் காகிதத்தில் நீட்டாமல், மறுபடி உட்காரவைத்து விளக்குவார்கள். இன்னும் 'தெரியவராத காலம்' முடியவில்லை என்றால் எப்போது திரும்ப வர வேண்டும் என்று தேதி சொல்வார்கள்.

இருக்கிறது என்று வந்தாலும் 1986 இல்லை இது. 2004 ஏப்ரலிலிருந்து கூட்டு மருந்து சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். ஆரம்பத்தில் அதைக் கொடுத்த மையங்களில் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இன்று நாடு முழுக்க எச்.ஐ.வி-யோடு வாழும் 25 லட்சத்துக்கும் அதிகமானவர்களில் பெரும்பாலானோர் மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள். விடாமல் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து அது மற்றவருக்குப் பரவாது என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியான உண்மை. ஆக, தொற்று இருப்பது தெரிந்து சிகிச்சையில் இருப்பவரைவிட, டெஸ்ட்டே எடுக்காமல் 'எனக்கெல்லாம் வராது' என்று இருப்பவரிடம்தான் ஆபத்து அதிகம். அவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம்.

நேரில் போவதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தால் 1097-க்கு அழைக்கலாம். கட்டணமில்லாத அரசு உதவி எண், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய கணவர் பரிசோதனைக்குப் போகும்போது மனைவியும் கூடப் போகலாம். ஒருவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தால் சிபிலிஸும் கொனோரியாவும் இன்னொருவரிடமிருந்து திரும்ப வந்துவிடும் என்பதால், இருவரும் சேர்ந்து வருவதைத்தான் சுகவாழ்வு மையத்தில் விரும்புகிறார்கள்.